கோர்ட்டுக்கு வரும் குழந்தைகளோடு ஃபீல்டு ஒர்க்: ஒரு செமஸ்டர் மட்டும் இருக்கும் மாணவி என்ன செய்யலாம்?

களப்பணி_மாணவி

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டர் ஃபீல்டு ஒர்க்குக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் போட்டிருக்கிறார்கள், வாரத்தில் வியாழன், வெள்ளி இரண்டு நாள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு, அவர்கள் வீட்டு நிலைமையை விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுதிக் கொடுக்கிறார்கள். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற) வழக்குகளில் குழந்தைக்குத் துணையாக இருக்கும் சப்போர்ட் பர்சனாகவும் போகிறார்கள். இது நானே கேட்டு வாங்கிய இடம். ஆனால் ஏழு வாரத்தில் தூக்கம் போய்விட்டது.

போன மாதம் அண்ணன், தங்கை இரண்டு பேரைக் குழு முன்னால் ஆஜர்படுத்தினார்கள். பள்ளிக்குச் சாப்பிடாமல் வருகிறார்கள், பையன் முதுகில் பெல்ட் தழும்பு, டீச்சர்தான் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்திருக்கிறார். நான் ஏஜென்சி அக்காவோடு வீட்டுக்குப் போய் வந்து என் வாழ்க்கையின் முதல் அறிக்கையை எழுதினேன். குழு உறுப்பினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தாய் பொறுப்பற்றவர்னு எழுதியிருக்கியேம்மா, எதை வெச்சு சொல்றே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகள் இன்னும் குழந்தைகள் இல்லத்தில்தான் இருக்கிறார்கள். நான் எழுதிய அந்த ஒரு வார்த்தையால் அவர்கள் வீட்டுக்குப் போகாமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று, ஒரு போக்சோ வழக்கு. போன வெள்ளிக்கிழமை ஏஜென்சி அக்காவோடு கோர்ட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளை காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை என் துப்பட்டா நுனியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் விசாரணை நடக்கவில்லை, வாய்தா போட்டுவிட்டார்கள். கிளம்பும்போது "அடுத்த தடவையும் நீங்க வருவீங்கல்ல?" என்று கேட்டாள். வருவேன் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தேதிக்கு முன்னாலேயே என் ஃபீல்டு ஒர்க் முடிந்துவிடும், அன்றைக்கு எனக்குப் பரீட்சை.

இதற்கு நடுவில் டிபார்ட்மெண்டில் கேஸ் ஒர்க் ரெக்கார்டில் "கேஸ் ஹிஸ்டரி முழுமையாக இல்லை, சம்பவத்தைக் குழந்தையிடம் கேட்டு எழுது" என்கிறார்கள். எனக்கு அவளிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. நான் செய்வது சரியா? என்னை மாதிரி வந்துவிட்டுப் போகிறவர்கள் இந்த வேலைக்குள் வரலாமா?

கீழவீதி

தங்கச்சி, மற்றவர்கள் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் பதிவில் அந்தப் பிள்ளை எந்த ஊர், எத்தனையாவது வகுப்பு என்று இருக்கிறது. அதை இப்போதே எடுத்துவிடுங்கள். பெயர் போடாவிட்டாலும் ஊரும் வகுப்பும் தெரிந்தால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு யார் என்று புரிந்துவிடும். இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவும் போக்சோ 23ஆம் பிரிவும் பெயரோடு நிற்கவில்லை. முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வெளியிடக் கூடாது என்கின்றன.

களப்பணி_மாணவி

எடுத்துவிட்டேன் அண்ணா. மன்னிக்கணும். எழுதும்போது அது தோன்றவே இல்லை.

வராண்டா_அக்கா

ஒன்பது வருடமாக சப்போர்ட் பர்சனாக இருக்கிறேன். பெரிய பதிலாகத்தான் வரும், பொறுமையாகப் படிம்மா.

முதலில் அந்த ரெக்கார்டு விஷயம். கேட்காதே. உனக்கு வாய் வரவில்லை என்பது பலவீனம் இல்லை, அதுதான் சரி. கணக்குப் பார். அந்தப் பிள்ளை முதலில் அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்லியிருப்பாள். அப்புறம் மகளிர் காவல் நிலையத்தில், அப்புறம் டாக்டரிடம், அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாம் எல்லோரும் இன்னும் 164 என்றே சொல்லும் அந்த வாக்குமூலம், புதிய சட்டத்தில் 183ஆம் பிரிவு. நடுவில் குழு முன்னாலும் யாராவது ஆர்வக்கோளாறில் கேட்டிருப்பார்கள். இனிமேல் சிறப்பு நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணையிலும் சொல்ல வேண்டும். இதற்கு மேல் ஒரு மாணவியின் நோட்டுக்காக இன்னொரு தடவை அவள் ஏன் சொல்ல வேண்டும்? அதோடு, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு வார்த்தை மாறும், எந்த மனிதருக்கும் மாறும். அந்த மாறிய வார்த்தையைத்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும். நீ தனியாக உட்கார்ந்து கேட்டாய் என்று தெரிந்தால் "சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்" என்பார்கள். உன் டிபார்ட்மெண்டில் இதையே சொல். ரெக்கார்டில் "சம்பவ விவரம் வழக்கு ஆவணங்களில் உள்ளது, குழந்தையிடம் கேட்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். நல்ல ஃபேகல்டி சூப்பர்வைசராக இருந்தால் புரிந்துகொள்வார். இல்லையென்றால் ஏஜென்சி அக்காவை விட்டுப் பேசச் சொல், அது அவர் வேலையும்தான். இன்னொன்று, அந்த ரெக்கார்டு வைவா அன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மேசையில் போய் உட்காரும், அப்புறம் டிபார்ட்மெண்ட் பீரோவில் வருடக்கணக்கில் கிடக்கும். அதில் பிள்ளை பெயர், தெரு, பள்ளி எதுவும் இருக்கக் கூடாது. "அ" என்று போடு போதும்.

அப்படியானால் பிள்ளையிடம் என்ன பேசுவது? கோர்ட்டைப் பற்றிப் பேசு. நீதிபதி எங்கே உட்காருவார், திரை எங்கே இருக்கும், கறுப்புக் கோட்டு போட்டவர்கள் யார் யார். எனக்கு ஒரு சின்னப் பையன் வந்தான். கோர்ட்டுக்குப் போனால் ஜெயிலில் போடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்ததில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை அவனுக்கு. பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுக்கொண்டு, முதல் நாள் சாயங்காலம் கோர்ட் எழுந்த பிறகு அவனை உள்ளே கூட்டிப்போனேன். எல்லா நாற்காலியிலும் ஏறி ஏறி உட்கார்ந்து பார்த்தான். ஃபேன் எத்தனை என்று எண்ணினான், ஐந்து. மறுநாள் நீதிபதி உன் பெயர் என்ன என்று கேட்டதும் பெயரைச் சொல்லிவிட்டு "இங்க அஞ்சு ஃபேன் இருக்கு" என்றான். அதற்குப் பிறகு சாட்சியம் தடையில்லாமல் போனது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம், பாத்ரூம் போகலாம். இந்த நாலும் தெரிந்துதான் பிள்ளை உள்ளே போக வேண்டும். போக்சோ 33ஆம் பிரிவில் இடைவேளை விடச் சொல்லியிருக்கிறது, வக்கீல் நேரடியாகக் கேட்காமல் நீதிபதி மூலமாகத்தான் கேள்வி போக வேண்டும் என்றும் இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படியே நடப்பதில்லை. நடக்காதபோது பி.பி. (அரசு வழக்கறிஞர்) காதில் போடத்தான் நாம் பக்கத்தில் இருக்கிறோம்.

அப்புறம் வராண்டா. உள்ளே திரை கட்டுகிறார்கள், எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, பிள்ளை பார்க்கக் கூடாது என்று 36ஆம் பிரிவு சொல்கிறது. வராண்டாவில் என்ன திரை இருக்கிறது? ஒரு தடவை நான் சம்மன் நகலைக் காட்டக் கோர்ட் காவலரிடம் போன இரண்டு நிமிடத்தில், எதிரியின் அம்மா ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மிரட்டவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "சாப்பிடு கண்ணு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பிள்ளைக்குச் சொந்த அத்தை. உள்ளே போன பிள்ளை அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்காக இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு தனியாகக் கோர்ட்டுக்குப் போவதில்லை, எப்போதும் இரண்டு பேர். ஒருவர் ஓட, ஒருவர் நகராமல் உட்கார. மாணவிகள் வேண்டும் என்று நாங்கள் கல்லூரிகளைக் கேட்பது இதற்குத்தான். நீ அன்றைக்குப் பத்தரையிலிருந்து மூன்று வரை நகராமல் உட்கார்ந்திருந்தாயே, அதுதான் வேலை.

மன்றாடி_வழக்கறிஞர்

சட்டம் தொடர்பாகக் கொஞ்சம் சேர்க்கிறேன். நீங்கள் சப்போர்ட் பர்சன் இல்லை, இதில் தெளிவாக இருங்கள். 2020 போக்சோ விதிகளின்படி அவரை நியமிப்பது குழந்தைகள் நலக் குழு, அதுவும் குழந்தை, பெற்றோர் சம்மதத்தோடு. குழந்தை உரிமையில் வேலை செய்யும் நபர் அல்லது நிறுவனம், குழந்தை தங்கியிருக்கும் இல்லத்தின் அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பணிபுரிபவர், இவர்களில் ஒருவர். உங்கள் ஏஜென்சி அக்கா பெயரில்தான் அந்த ஆணை இருக்கும். விசாரணை 37ஆம் பிரிவின்படி மூடிய அறையில் நடக்கும். பெற்றோரோ குழந்தை நம்பிக்கை வைத்திருக்கும் வேறு ஒருவரோ கூட இருக்கலாம். எனவே குழந்தை உங்களைக் கேட்டு, நீதிபதியும் அனுமதித்தால் உள்ளே போகலாம், "படிக்க வந்திருக்கிறேன்" என்று போகக் கூடாது. சில கல்லூரிகள் நாலைந்து மாணவர்களை ஒன்றாக அனுப்பி கோர்ட் பார்த்துவிட்டு வரச் சொல்கின்றன, போக்சோ கோர்ட்டுக்கு அப்படி அனுப்பவே கூடாது.

பலரும் கவனிக்காத ஒன்று: சப்போர்ட் பர்சன் வேண்டாம் என்று குழந்தை சொல்லிவிட்டால் குழு அவரை மாற்றலாம், குழந்தை அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எனக்கு அந்த விதிகளிலேயே மிகவும் பிடித்த வரி அது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சப்போர்ட் பர்சன் விஷயத்தில் மாநிலங்களைக் கண்டிப்பாகவே பேசியது. ஆள் கொடுப்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிட்டு ஒதுங்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

மாணவர்கள் செய்தால் உடனே பலன் தெரியும் வேலை ஒன்று இருக்கிறது. இடைக்கால இழப்பீடு வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் கொடுக்கலாம். சாப்பாடு, துணி, பஸ் செலவு போன்ற உடனடித் தேவைக்குக் குழுவே சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம், பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருக்காது, ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருக்கும். அந்தக் குடும்பத்தோடு பேங்குக்கும் இ-சேவை மையத்துக்கும் நடக்க யாரும் இல்லாமலேயே எத்தனையோ மனுக்கள் தூங்குகின்றன. சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் செய்யக்கூடிய வேலை இது.

பழைய_நன்னடத்தை

நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். அண்ணன் தங்கை அறிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்மா.

"பொறுப்பற்றவர்" என்பது தீர்ப்பு. உன் வேலை பார்த்ததை எழுதுவது, தீர்ப்பு சொல்லக் குழு இருக்கிறது, தலைவரும் நாலு உறுப்பினர்களுமாக. எப்படி எழுதியிருக்கலாம் என்று காட்டுகிறேன், நான் பார்த்த வேறொரு வீட்டை வைத்து. "காலை 7.15க்குச் சென்றபோது வீட்டில் பெரியவர்கள் இல்லை. தாய் பூப்பறிக்கும் வேலைக்கு அதிகாலை 3 மணிக்குப் போய் 9.30க்குத் திரும்புவதாகப் பக்கத்து வீட்டார் இருவர் தனித்தனியே கூறினர். அரிசி டப்பாவில் சுமார் இரண்டு படி அரிசி இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு உயரத்தில், குழந்தைகளுக்கு எட்டாதபடி வைக்கப்பட்டிருந்தது." இதைப் படித்த குழு உறுப்பினருக்கு என்ன தோன்றும்? அந்த அம்மா சோறு போடாதவர் இல்லை, சோறு போடும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர். அடுப்பை எட்டாமல் வைத்தது கவனக்குறைவு இல்லை, கவனம். இதையே "காலை உணவு வழங்கப்படுவதில்லை, குழந்தைகள் தனியே விடப்படுகின்றனர்" என்று எழுதினால் அதுவும் பொய்யில்லை, ஆனால் பிள்ளை இல்லத்துக்குப் போய்விடும். இல்லம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உன் வழக்கில் பெல்ட் தழும்பு இருக்கிறது. அது வேறு விஷயம், அதை மழுப்பாதே. அடித்தது யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார், திரும்பி வந்தால் தடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள், பாட்டி உண்டா, பிள்ளைகள் யாரிடம் போக விரும்புகிறார்கள், இதெல்லாம் அறிக்கையில் வர வேண்டும். அறிக்கைக்கு 15 நாள், இறுதி ஆணைக்கு முதல் ஆஜரிலிருந்து நாலு மாதம். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. கூடுதல் அறிக்கை தர அனுமதி கேள், கேட்டால் கொடுப்பார்கள். அந்த அம்மா வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு இருக்கிறது, ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். இரண்டு பிள்ளைக்கும் கிடைக்குமா என்று பாதுகாப்பு அலகில் போய்க் கேட்டு, தகுதி இருந்தால் அறிக்கையிலேயே பரிந்துரையாக எழுது.

உன்னிடம் கேள்வி கேட்ட அந்த உறுப்பினரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டெக்சஸ்_மைனி

நான் நாகர்கோவில், இப்போது டெக்சஸில். இங்கே எம்.எஸ்.டபிள்யூ. படித்தபோது காசா (CASA) என்ற அமைப்பில்தான் ஃபீல்டு போனேன். வீட்டில் அடி வாங்கியோ கவனிப்பு இல்லாமலோ அரசின் பொறுப்புக்கு வந்த குழந்தைக்கு, நீதிமன்றமே ஒரு தன்னார்வலரை நியமிக்கும். 1977இல் சியாட்டிலில் டேவிட் சூகப் என்ற நீதிபதி தொடங்கி வைத்தது. குழந்தையின் பக்கமிருந்து யாருமே பேசாமல் முடிவெடுக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. தன்னார்வலருக்குக் குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி, அப்புறம் நீதிபதி முன்னால் உறுதிமொழி. ஒருவருக்கு ஒரு குழந்தை, அல்லது ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். வக்கீல் மாறுவார், கேஸ் ஒர்க்கர் மாறுவார், வளர்ப்பு வீடே நாலு தடவை மாறும், இவர் மட்டும் மாறக் கூடாது என்பதுதான் எண்ணம்.

அதனாலேயே மாணவியான எனக்கு முதலில் தனியாக ஒரு குழந்தையைக் கொடுக்கவில்லை. எனக்கு வருத்தம்தான். இங்கே முதுகலைக்கு மொத்தம் 900 மணி நேரம் ஃபீல்டு, அவ்வளவு இருந்தும் கொடுக்கவில்லை. என் சூப்பர்வைசர் சொன்னார், இங்கே வழக்கு முடிய ஒரு வருடம், நீதிபதி நீட்டித்தால் இன்னும் 180 நாள், நீ மே மாதம் போய்விடுவாய் என்று. என்னைத் தன்னார்வலர்களுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். பள்ளியிலிருந்து மதிப்பெண், வருகைப் பதிவு வாங்குவது, கோர்ட் அறிக்கையைத் திருத்துவது, அடுத்த ஹியரிங்குக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னதை எழுதி வைத்து அது நடந்ததா என்று துரத்துவது. ஒரு பையனுக்குக் கண்ணாடி வாங்கித் தரச் சொல்லி நீதிபதி ஆணை போட்டு மூன்று மாதம் ஆகியும் யாரும் வாங்கவில்லை. எட்டுப் போன் போட்டேன். கண்ணாடி வந்தது. என் முகம் அவனுக்குத் தெரியாது. அந்த வருடத்தில் நான் செய்த நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று என்றே இன்றும் நினைக்கிறேன்.

நம் ஊரில் ஆள் பற்றாக்குறை, உங்களை நேராகப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்போது போவோம் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே மாணவர்கள் காலண்டரில் வட்டம் போட்டே காட்டுவார்கள்.

களப்பணி_மாணவி

எல்லோருக்கும் நன்றி. பழைய_நன்னடத்தை ஐயா, கூடுதல் அறிக்கைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். மறுபடி வீட்டுக்குப் போனோம். அடித்தது அப்பா, இரண்டு மாதமாக வெளியூரில் இருக்கிறார். அம்மாவின் அம்மா வந்து தங்கத் தயார் என்கிறார். நான் முதல் தடவை பாட்டியைப் பற்றி விசாரிக்கவே இல்லை. டிபார்ட்மெண்டிலும் ஏஜென்சி அக்கா பேசிவிட்டார், சம்பவம் இல்லாமல் ரெக்கார்டை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளையிடம் வருவேன் என்று சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது? போனில் சொல்லிவிடலாமா?

வராண்டா_அக்கா

போனில் வேண்டாம். நேரில் போ, அடுத்த வாரமே போ, ஏஜென்சி அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. சுற்றி வளைக்காதே. "வருவேன்னு சொன்னேன், அது தப்பு, எனக்கு அன்னைக்குப் பரீட்சை, இந்த அக்கா கண்டிப்பா வருவாங்க" என்று சொல்லு. காரணத்தை உண்மையாகச் சொல்லு. ஏற்கெனவே பெரியவர்களிடம் ஏமாந்த பிள்ளை அது, இன்னொரு பூசி மெழுகல் தெரிந்தால் உடனே கண்டுபிடித்துவிடும். அழுதால் அழட்டும், சமாதானம் என்று மிட்டாய் நீட்டாதே. அப்புறம் உனக்கு மட்டும் தெரிந்தது என்று அவளைப் பற்றி என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் எழுதி ஏஜென்சி அக்கா கையில் கொடு. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தைரியமாக இருப்பாள், பசித்தால் சொல்வாளா மாட்டாளா, யாரைப் பார்த்தால் முகம் மாறுகிறது, இப்படி.

களப்பணி_மாணவி

இன்று போய்ச் சொல்லிவிட்டேன் அக்கா. அழவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏஜென்சி அக்காவைக் காட்டி, "கதவுப் பக்கம் நான் உக்கார மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கே அது தெரியாது. அன்றைக்கு அவள் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்ததை நான் சும்மா என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சொல்லச் சொல்ல அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. நாளைக் காலை அக்காவிடம் கொடுக்கிறேன்.